காரணம் எழுதும் கட்டம்

ஆயுத பூஜையன்று காலை ஆறு மணிக்குச் சங்கரன் போன் செய்தான். தன் சாவிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்குக் கீழே, அம்மாவின் அரிவாள்மணைக்கும் பழைய ஸ்பேனர் செட்டுக்கும் நடுவில் படுக்க வைத்துவிட்டதாகச் சொன்னான்.

“அடுத்தது இந்த போன்தான். பேசி முடிச்சதும் இதையும் பூஜையில வச்சிடுவேன். நாளைக்குக் காலையில புனர்பூஜை முடிஞ்சாத்தான் ரெண்டையும் எடுப்பேன். இன்னைக்கு ஊரு உன் பொறுப்பு ஏஞ்சல்.”

“என்னிக்கு இல்லாம இருந்துச்சு? நீ போய் பொரி துன்னு,” என்றாள் ஏஞ்சல்.

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். இதில் கேலி செய்ய ஒன்றும் இல்லைதான். லாரிக்கும் லேத்துக்கும் கல்லாப்பெட்டிக்கும் பொட்டு வைக்கிற ஊர் இது. மயிலாப்பூரிலிருந்து வேளச்சேரி வரைக்கும் வீட்டு வீட்டுக் குழாயைக் காவல் காக்கிற சாவிக்கு ஒரு பொட்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்?

சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. கட்டைவிரல் அளவில், பென் டிரைவ் மாதிரி ஒரு கருவி. அந்தப் பக்கத்துக்கெல்லாம் குடிநீர் அனுப்பும் ஐந்து நிலையங்களில் ஆளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். ஏஞ்சலின் நிலையம் மந்தைவெளியில். சங்கரனுடையது தி.நகரில். வேளச்சேரிக்குக் கிரீஷ் என்ற இளைஞன். அடையாறிலும் கோட்டூர்புரத்திலும் இன்னும் இருவர். எந்த நிலையத்தில் வால்வைத் திறப்பதானாலும், பம்பை நிறுத்துவதானாலும், குளோரின் அளவை மாற்றுவதானாலும், ஒருவர் தன் சாவியைச் செருகிக் கட்டளை போட வேண்டும். மற்ற நால்வரில் இருவராவது தங்கள் சாவியால் ‘சரி’ சொல்ல வேண்டும். மூன்று பேர் சேராமல் ஒரு சொட்டு நகராது.

முகம் தெரியாத யாரோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, கம்ப்யூட்டருக்குள் புகுந்து, ஒரு ஊரின் தண்ணீரையே கெடுத்துவிட முடியும் என்கிற பயத்தில் வந்த ஏற்பாடு இது. பிளாக்செயின் என்று பெயர். ஒன்றரை வருடத்துக்கு முன் அடையாறு தலைமை அலுவலகத்தில் பயிற்சி வகுப்பு நடந்தது. இதை அமைத்துக் கொடுத்த ஹம்சா இரண்டு நாள் பொறுமையாக விளக்கினார். ஐந்து நிலையத்திலும் ஒரே நோட்டு. யார் என்ன கட்டளை போட்டாலும் ஐந்து நோட்டிலும் பதியும். ஒவ்வொரு பக்கத்திலும் அதற்கு முந்தின பக்கத்தின் கைரேகை மாதிரி ஒன்று இருக்கும். யாராவது ஒரு நோட்டில் ஒரு வரியைத் திருத்தினால் மற்ற நான்கும் காட்டிக் கொடுத்துவிடும். எழுதினது எழுதினதுதான், அழிக்க முடியாது.

அன்று சாயங்காலம் ஏஞ்சல் இதைத் தன் அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா லூர்துமேரி, நொச்சிக்குப்பத்துக் கடற்கரைச் சாலையில் மீன் விற்பவள்.

“ஏலம் வுடற மாதிரின்னு சொல்லேன்,” என்றாள் அம்மா. “கரையில அத்தினி பேரு எதிர்ல வெல சொல்லிட்டு, அப்பால நான் சொல்லலைன்னு எவன் சொல்ல முடியும்?”

இரண்டு நாள் வகுப்பு அங்கே ஒரு நிமிடத்தில் முடிந்தது.

அந்த நோட்டின் மேல் ஏஞ்சலுக்கு இருந்த பிரியம் மற்றவர்களுக்குப் புரியாது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேலதிகாரி போனில் ‘அந்த வால்வை மூடு’ என்றார். மூடினாள். இரண்டு நாள் நாலு தெருவுக்குத் தண்ணீர் போகவில்லை. ஜனங்கள் குடத்தோடு நடுரோட்டில் உட்கார்ந்ததும் அதிகாரி, ‘நான் எங்கே சொன்னேன்?’ என்று கையை விரித்துவிட்டார். மெமோ ஏஞ்சலுக்கு வந்தது. ‘குப்பத்துப் பொண்ணு, எதையாவது திருகிவிட்டிருக்கும்’ என்ற பேச்சும் கூடவே வந்தது. அன்றிலிருந்து யார் வாயால் எதைச் சொன்னாலும் ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்வாள். அந்தக் காகிதத்தை ஒரு ஆளும் மதித்ததில்லை. சாவி கைக்கு வந்த பிறகுதான், சொன்னதைச் சொன்னபடியே ஞாபகம் வைத்துக்கொள்கிற ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்று அவளுக்கு நிம்மதி பிறந்தது.

அந்த மெமோ கதையைப் பயிற்சி வகுப்பிலேயே பக்கத்து நாற்காலியில் இருந்த ஆளிடம் சொல்லியிருந்தாள். அவன் சிரிக்கவில்லை. “அந்த அதிகாரி பேரு என்ன?” என்று மட்டும் கேட்டான், எழுந்து போய்ச் சட்டையைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி. அவன்தான் சங்கரன். நாற்பத்திரண்டு வயது. மயிலாப்பூரில் சித்திரக்குளம் பக்கத்தில் அம்மாவோடு இருந்தான். நாலு பேர் கூடின இடத்தில் வாயைத் திறக்க மாட்டான் என்று பெயர் எடுத்தவன்.

வாய்தான் திறக்காது. கட்டளை போடும்போது திரையில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் வரும். அதை நிரப்பாமல் கட்டளை போகாது. எல்லோரும் ‘அழுத்தம் குறைவு’, ‘பழுது பார்ப்பு’ என்று இரண்டு வார்த்தை தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். சங்கரனும் அப்படித்தான் ஆரம்பித்தான். பத்தாம் நாளோ என்னவோ, ஏஞ்சலின் திரையில் அவன் கட்டளை இப்படி வந்தது: ‘அழுத்தம் குறைவு. நாஷ்டா ஆச்சா?’

ஏஞ்சல் இரண்டு தடவை படித்தாள். ‘சரி’ சொல்கிற இடத்திலும் ஒரு கட்டம் உண்டு. அதில் ‘ஆச்சு, இட்லி’ என்று எழுதி அழுத்தினாள். எந்தக் கொம்பனாலும் அழிக்க முடியாதபடி, ஐந்து நிலையங்களின் நோட்டிலும், அவள் இட்லி தின்றது பதிவாகிவிட்டது.

வேறு யாரும் பார்க்க மாட்டார்களா என்றால், பார்க்க மாட்டார்கள். அந்தக் கட்டத்தை யார் படிக்கிறார்கள்? பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தை யாராவது படித்ததுண்டா? அப்புறம் இருவரும் போனில் பேச ஆரம்பித்தார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தித்தார்கள். ஆனாலும் கட்டத்தில் எழுதுகிற பழக்கம் மட்டும் விடவில்லை. அவன் பெயர் திரையில் வந்ததும் ஏஞ்சல் முதலில் காரணத்தின் கடைசி வரிக்குத்தான் போவாள். தனக்கு வந்த வார்த்தையை எடுத்துக்கொண்ட பிறகுதான் வால்வு, பம்ப் எல்லாம்.

இந்த ஆடி முடிந்த கையோடு, திருமயிலை ரயில் நிலையத்துப் படிக்கட்டில் வைத்து, சுற்றி வளைக்காமல் கேட்டான். “நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?”

ஏஞ்சலுக்கு முப்பத்தொன்பது. ஷிப்ட் வேலைக்காரி வேண்டாம் என்று பெண் பார்த்தவர்கள் எழுந்து போன காலமெல்லாம் முடிந்து, இனி இப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்தவள். அவன் கேட்டதும் ‘சரி’ என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கோயிலா சர்ச்சா என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. அம்மா நாலு நாள் அழுவாள், ஐந்தாம் நாள் மாப்பிள்ளைக்கு வஞ்சிரம் வறுப்பாள். அவளை நிறுத்தியது ஒரு விதி. நெருங்கிய உறவினர் இருவர் சாவி வைத்திருக்கக் கூடாது. வீட்டுக்காரர் கேட்டால் வீட்டுக்காரி கண்ணை மூடிக்கொண்டு சரி போட்டுவிடுவாள், அப்புறம் மூன்று சாட்சி எதற்கு? விதி நியாயமானதுதான். அதுதான் அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

“நான் என் சாவியைக் குடுத்துடறேன்,” என்றான் சங்கரன்.

“நீ குடுப்ப. அவுங்க வாங்க மாட்டாங்க. ‘ஏம்மா, நீ வூட்டப் பாத்துக்கோ’ன்னு சிரிச்சிக்கினே என்னாண்டதான் புடுங்குவாங்க. நான் யோசிக்கணும்.”

சாவி போனால் மறுபடி வால்வு திருகும் வேலை. மறுபடி யாரோ வாயால் சொல்வார்கள், யாரோ இல்லை என்பார்கள். அவனை வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை, இதை விடவும் மனசில்லை. மறுநாள் காலை அவன் கட்டளை வந்தது. ‘குளோரின் வழக்கம்போல. பதிலுக்கு அவசரம் இல்ல.’ அதைப் படித்துவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். இது நடந்து இப்போது கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகிவிட்டது.

ஆயுத பூஜையன்று யாரும் கட்டளை போடுவதில்லை என்பது அவர்களுக்குள் எழுதாத வழக்கம். முந்தின சாயங்காலமே எல்லா அளவையும் ஒழுங்குபண்ணிவிட்டு, சாவிகளுக்குப் பொட்டு வைத்துவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்குச் சங்கரன் உட்காருவான், ஆயுத பூஜைக்கு ஏஞ்சல் உட்காருவாள். கிரீஷ் மட்டும், தனக்குப் பூஜையெல்லாம் இல்லை, வேளச்சேரி நிலையத்திலேயே சாவியோடு இருக்கிறேன் என்று சொல்லியிருந்தான்.

பகல் பன்னிரண்டே முக்காலுக்கு ஏஞ்சலின் திரை மணியடித்தது.

கட்டளை போட்டவர், தி.நகர், சங்கரன். ஐந்து நிலையங்களிலும் குளோரின் அளவைப் பன்னிரண்டு மடங்காக உயர்த்தவும். காரணம்: பிரதானக் குழாயில் கழிவுநீர் கலந்துள்ளது, மிக அவசரம். கெடு ஐந்து நிமிடம். அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே கீழே இன்னொரு வரி விழுந்தது. வேளச்சேரி, கிரீஷ், சரி.

இரண்டாகிவிட்டது. இனி ஒன்று போதும். மற்ற இரண்டு சாவியும் சந்தனத்தில் தூங்குகின்றன. மிச்சம் இருப்பது இவள்தான்.

சாவி ஏற்கனவே செருகித்தான் இருந்தது. அவன் பெயரைப் பார்த்ததுமே விரல் பழக்கத்தில் ‘சரி’க்குப் போய்விட்டது. கண் மட்டும் வழக்கம்போலக் கடைசி வரிக்குப் போயிற்று. அங்கே அவளுக்கென்று ஒன்றும் இல்லை. விரல் நின்றது.

உடனே அவனுக்குப் போன் போட்டாள். அது சரஸ்வதியின் காலடியில் அடித்து அடித்து ஓய்ந்தது. கிரீஷ் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தான், லைன் கிடைக்கவில்லை. ஹம்சாவை அழைத்தாள், எடுக்கவில்லை. மூன்று நிமிடம் மிச்சம்.

 சாவி பூஜையில் என்று காலையில்தானே சொன்னான்? ஆனால் நிஜமாகவே கழிவுநீர் கலந்திருந்தால்? ஐப்பசி பிறக்கப் போகிறது, போன வாரம் பெய்த மழையில் தெருவெல்லாம் தோண்டிக் கிடக்கிறது, கலக்காது என்று யார் சொல்ல முடியும்? சாமிக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சாவியை எடுத்து ஓடியிருப்பான். இவள் இல்லை என்று சொல்லி, அது நிஜமாக இருந்துவிட்டால், பிள்ளைகள் சாக்கடையைக் குடிக்கும். இவள் சரி என்று சொல்லி, அது பொய்யாக இருந்துவிட்டால், அதே பிள்ளைகளுக்குத் தொண்டை வெந்துபோகும். பண்டிகை நாள். ஊரே வீட்டில் இருக்கிறது, ஊரே குழாயைத் திறந்துவைத்திருக்கிறது.

இவ்வளவு அவசரத்தில் நாஷ்டா ஆச்சா என்றா கேட்பான், பைத்தியமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போதுதான் போன டிசம்பர் புயல் நினைவுக்கு வந்தது. தி.நகர் நிலையத்து மோட்டார் அறையில் வெள்ளம் இடுப்புக்கு ஏறிவிட்டது. சுவிட்ச் பெட்டிக்குள் தண்ணீர் போக விரற்கடைதான் பாக்கி. அந்த நேரத்தில் அவன் போட்ட கட்டளை அவளுக்கு மனப்பாடம். ‘மோட்டார் முழுகுது. பம்ப் நிறுத்தணும். நீ மாடிக்கு ஏறிடு.’

உயிர் போகிற நேரத்திலும் அவளுக்கு ஒரு வார்த்தை எழுதினவன் அவன்.

ஏஞ்சல் ‘இல்லை’யை அழுத்தினாள். ஒருவர் ‘இல்லை’ என்றாலே கட்டளை செல்லாது, எல்லா அளவும் இருந்தபடியே பூட்டிக்கொள்ளும். ஒன்றரை வருடத்தில் அந்தப் பொத்தானை யாரும் தொட்டதில்லை. திரை அவளையும் காரணம் கேட்டது. எழுதினாள்: ‘இது சங்கரன் இல்ல.’

அடுத்த நொடி திரை சிவந்தது. ஐந்து நிலையங்களிலும் எல்லாம் நின்றபடி நின்று பூட்டிக்கொண்டது. ஹம்சாவின் போனுக்கு அபாய மணி போயிற்று.

ஒரு மணி நேரத்துக்குள் ஆட்கள் பிரதானக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். பளிங்குத் தண்ணீர். கழிவுநீரும் இல்லை, ஒன்றும் இல்லை. தாக்குதல் என்று உறுதியாயிற்று. ஹம்சா போனில், “ஏஞ்சல், நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாது,” என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. ஏஞ்சலுக்குச் சந்தோஷப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை. அடுத்த வாக்கியத்தில் ஹம்சா சொன்னார், கட்டளையில் இருந்த, சாவி போடுகிற கையொப்பம் அசல். சங்கரனின் சாவியிலிருந்து பிறந்தது. அவனைத் தற்காலிகமாக நீக்கிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அடையாறு அலுவலகத்தில் விசாரணை. தலைமைப் பொறியாளர் ஸ்ரீனிவாசராகவன் நடுவில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் காகிதத்தில் இல்லாத எதையும் நம்பாதவர். அவருக்கு ஒரு பக்கம் ஹம்சா, கம்ப்யூட்டரோடு. எதிரே சங்கரன். மூன்று நாளில் பத்து வயது கூடினவன் மாதிரி இருந்தான். மாலை நாலு மணிக்குப் போலீசிடம் ஒரு பெயரைக் கொடுத்தாக வேண்டும்.

சங்கரன் தலையைக் குனிந்துகொண்டு தன் தப்பைச் சொன்னான். சாவி தொலைந்தால் மறுபடி உருவாக்க இருபத்துநாலு வார்த்தைகள் கொண்ட ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அந்த வார்த்தைகள் கிடைத்தால் யாரும் அதே சாவியைச் செய்துவிடலாம் என்பதால் பத்திரமாக வைக்கச் சொன்னார்கள். நம்மவர்கள் ஒரு தாளை எப்படிப் பத்திரமாக வைப்பார்கள்? மயிலாப்பூர் லஸ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய், ஆதார், ரேஷன் கார்டோடு சேர்த்து அதையும் ஸ்கேன் போட்டு, மூன்று காப்பி எடுத்து, மூன்றையும் லேமினேஷன் செய்து வாங்கி வந்திருக்கிறான். ஒன்று பீரோவில், ஒன்று அம்மாவின் பெட்டியில், ஒன்று அலுவலக மேஜையில்.

ஹம்சா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “லேமினேஷனா?”

“மழையில நனைஞ்சிடக் கூடாதேன்னு, மேடம்.”

ஸ்ரீனிவாசராகவன் சிரிக்கவில்லை. “கடையிலேருந்து களவு போயிருக்கலாம்கறே. சரி. நீயே போட்டுட்டு இப்படி ஒரு கதை சொல்லலாமோன்னோ? பூஜையில வச்சிருந்தேங்கறே. அதுக்கு உங்கம்மா சாட்சி. அம்மா சொன்னா யார் ஏத்துப்பா?”

 அவர் ஏஞ்சல் பக்கம் திரும்பினார். “நீ எழுதியிருக்கே, ‘இது சங்கரன் இல்ல’ன்னு. கையெழுத்து அவனோடது. மெஷின் நம்பித்து, கிரீஷ் நம்பினான். நீ மட்டும் எப்படிக் கண்டுபிடிச்சே?”

ஹம்சா அவளுக்கு உதவ நினைத்தார். “பன்னிரண்டு மடங்குன்னதும் அளவு ஜாஸ்தின்னு சந்தேகம் வந்திருக்கும். அப்படித்தானே ஏஞ்சல்?”

தலையாட்டினால் போதும். பாராட்டுக் கடிதம் வரும், சாவி கையிலேயே இருக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. சங்கரன் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஆட்டிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினான். தான் எங்கே போனாலும் சரி, அவள் இடம் போகக் கூடாது என்கிற கெஞ்சல். அதைப் பார்த்ததும் ஏஞ்சலுக்கு மனசு இளகி, உடனே திடமாகவும் ஆயிற்று.

“இல்ல மேடம். அளவப் பாத்து இல்ல,” என்றாள். “அந்த நோட்ட எடுங்க. இவுரு போட்ட கட்டள அத்தினியும் எடுங்க. காரணம்னு ஒரு கட்டம் கீதே, அத்த மட்டும் படிங்க. சத்தமா படிங்க.”

“ஏஞ்சல், வேணாம்,” என்றான் சங்கரன்.

“நீ சும்மா இரு.”

ஹம்சா திரையைத் தட்டினார். படிக்க ஆரம்பித்தார். முதல் சில வெறும் வேலை விஷயம். பிறகு அவர் குரல் மெல்ல மாறியது.

“அழுத்தம் குறைவு. நாஷ்டா ஆச்சா? … வால்வு பழுது. அம்மாவுக்கு முட்டி வலி எப்படி? … லாரி நிரப்பணும். நேத்து ஏன் குரல் சரியில்ல? … பம்ப் இரண்டு ஓய்வு. நீயும் கொஞ்சம் ஓய்வு எடு. … மோட்டார் முழுகுது. பம்ப் நிறுத்தணும். நீ மாடிக்கு ஏறிடு.”

ஹம்சா நிறுத்தவில்லை. ஒரு வருடத்துக்கும் மேலான காலைகள் அந்த அறையில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. சங்கரன் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். ஸ்ரீனிவாசராகவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

“குளோரின் வழக்கம்போல. பதிலுக்கு அவசரம் இல்ல,” என்று படித்தார் ஹம்சா.

“எந்தப் பதிலுக்கு?” என்றார் ஸ்ரீனிவாசராகவன், தன்னை அறியாமல்.

“என்னியக் கட்டிக்கிறியான்னு கேட்டாரு சார். நான் இன்னும் சொல்லல,” என்றாள் ஏஞ்சல். அவள் சங்கரனைப் பார்க்கவில்லை, பார்த்தால் பேச முடியாது. “கட்டிக்கிறேன். விதி இன்னான்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இத்தினி நாளு வாயத் தொறக்கல. இப்ப சொல்லலைன்னா இந்த ஆள திருடன்னு சொல்லுவீங்க.”

கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். கை வெறுமையாக இருந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் வைத்துவிட்டாள்.

ஹம்சா எண்ணிக்கொண்டிருந்தார். “சார், அந்தப் பழக்கம் ஆரம்பிச்ச நாள்லேருந்து அறுநூத்திப் பதினொரு கட்டளை. எல்லாத்துலயும் ஏஞ்சலுக்கு ஒரு வார்த்தை இருக்கு. ஒண்ணுல மட்டும் இல்ல. முந்தாநாள் வந்தது.” பிறகு சொன்னார், “கடையிலேருந்து இருபத்துநாலு வார்த்தையைத் திருடினவனுக்கு இது கிடைக்கல.”

ஸ்ரீனிவாசராகவன் போனை எடுத்துப் போலீசை அந்த ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினார். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். ஆறிப்போன காபி வந்தது, அதையும் குடித்தார்கள். மூன்றரைக்குப் போன் வந்தது. கடைக்காரர் பாவம், ஒன்றும் அறியாதவர். ஆனால் அவர் கம்ப்யூட்டருக்குள் ஏதோ ஒன்று மாதக்கணக்காக ஒளிந்திருந்து, அங்கே ஸ்கேன் செய்த ஒவ்வொரு தாளையும் வேறெங்கோ அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

“உன் மேல தப்பு இருக்கு, குற்றம் இல்லை,” என்றார் ஸ்ரீனிவாசராகவன் சங்கரனிடம். அவரே ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டார். “பழைய சாவியை ரத்து பண்ணியாச்சு. புதுசு தருவோம். ஆனா கல்யாணம்னு ஆனப்புறம் ரெண்டு பேர்கிட்டயும் இருக்க முடியாது.” மேஜைமேல் கிடந்த ஏஞ்சலின் சாவியைத் தன் பக்கம் இழுத்தார். “நீயேதான் வச்சுட்டே, அதனால…”

“சார், அது அவங்களுது,” என்றான் சங்கரன். நாலு பேர் கூடின இடத்தில் அவன் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. “எனக்குப் புதுசு வேணாம். நான் குழாய்ப் பராமரிப்புக்குப் போறேன். இருபத்துநாலு வார்த்தையை லேமினேஷன் பண்ண ஆளு நான். என்கிட்ட எதுக்கு சார் சாவி?”

ஹம்சா எழுந்து வந்து சாவியை எடுத்து ஏஞ்சலின் உள்ளங்கையில் வைத்து மூடினார். ஸ்ரீனிவாசராகவன் ஆட்சேபிக்கவில்லை.

ஏஞ்சல் கோபத்தோடுதான் வெளியே வந்தாள். அடையாறு பஸ் நிறுத்தம் வரைக்கும் அவனை விட்டு நாலடி முன்னாலேயே நடந்தாள். நிறுத்தத்தில் திரும்பினாள்.

“யாரக் கேட்டு வுட்டுக் குடுத்த? நான் முடிவு பண்ணித்தான வச்சேன்? பதினெட்டு வருஷம் சர்வீஸு. வெயில்ல பள்ளத்துல எறங்கப் போறியா இப்போ? பாவம் பாத்து எனக்குக் குடுத்தியா?”

“பாவம் எல்லாம் இல்ல.”  அவனுக்கு எழுதத்தான் வரும், பேசுவது கஷ்டம். “ஏஞ்சல், என் பேரைப் பார்த்ததும் கிரீஷ் படிக்காமலே சரின்னு போட்டுட்டான். நல்ல பையன், என் மேல மரியாதை. மத்த ரெண்டு பேரும் கையில சாவி இருந்திருந்தா போட்டிருப்பாங்க. என் மேல இவ்ளோ ஆசை வச்சுக்கிட்டு, என் பேர்ல வந்ததையே இல்லைன்னு சொன்னது நீ ஒருத்திதான். எங்கம்மா குடிக்கிற தண்ணிக்கு அப்படிப்பட்ட ஆளுதான் காவல் இருக்கணும். நான் இருந்தா, நீ எது கேட்டாலும் கண்ணை மூடிக்கிட்டு சரின்னு போட்டுடுவேன். எனக்குத் தெரியும்.”

ஏஞ்சல் அழுதாள். சாயங்கால நெரிசலில், காலேஜ் பெண்களும் ஐ.டி. கம்பெனிப் பையன்களும் நின்று பார்க்க, துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வெட்கமே இல்லாமல் அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் சொன்ன சொல்லுக்கு யாரும் இப்படி ஒரு மதிப்புப் போட்டதில்லை. அவன் என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்கு வெயில் படாதபடி கொஞ்சம் நகர்ந்து நின்றான்.

நொச்சிக்குப்பத்துப் பக்கம், பட்டினப்பாக்கம் போகிற பஸ் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“ஏறு. எங்கம்மாவாண்ட சொல்லணும்.”

“இப்பவேவா?” அவனுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. “நான் அங்க வந்து என்ன பேசறது?”

“நீ ஒண்ணும் பேச வேணாம். நான் பேசுறேன். பக்கத்துல நின்னா போதும்.”

பஸ்ஸில் ஒரு சீட்கூடக் காலி இல்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சங்கரன் அவள் பக்கத்தில் நின்றான்.